திரிகைக்கல் பாவிய தரை

எனக்கு ஒரு மனிதர்மேல் வஞ்சம் இருந்தது. இருந்தது என்று இறந்தகாலத்தில் எழுதுவதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். இன்றைக்கும் அவருடைய கடைப் பலகையைக் கண்டால் என்னையறியாமல் பல்லைக் கடிக்கிறேன். காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று யாராவது என்னிடம் சொல்ல வந்தால் அவர்களுக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்க மாட்டேன்.

அவரை முதலாளி என்றே சொல்கிறேன். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எல்லாரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள். ரூ பஜோலில் இருந்து கூப்பிடு தூரத்தில் அவருடைய பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் மிளகாய் அரைக்கும் கரண்ட் மெசின். கடைக்கு மேலே மூன்று மாடி, மாடிக்கு மூன்று அறை, அறைக்கு ஒரு குடும்பம். பிரான்சுக்கு வந்த புதிதில் நானும் என் கணவரும் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். பக்கத்து அறையில் ஒரு மன்னார்க்காரி. மாதா கோயில் தவறாத வேதக்காரி, வாய்க்காரி. இன்றைக்கும் எனக்கு இருக்கிற ஒரே கூட்டாளி அவள்தான்.

அந்தக் கட்டிடத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. மேலே இருப்பவர்கள் மிளகாய்த்தூளைக் கீழே முதலாளியின் மெசினில்தான் அரைக்க வேண்டும். வேறு எங்கேயும் கொண்டுபோகக் கூடாது, வீட்டிலும் அரைக்கக் கூடாது. அரைத்து முடிந்ததும் ஒரு பெரிய அகப்பையால் அள்ளித் தன் வாளிக்குள் போட்டுக்கொண்டு மிச்சத்தைத் தருவார். அதுதான் கூலி. யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு மிளகாய்த்தூள் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இந்த அநியாயம் விளங்கும். ஒவ்வொரு வீட்டுத் தூளும் ஒவ்வொரு கணக்கு. ஒருத்தி பெருஞ்சீரகம் கூடப் போடுவாள், இன்னொருத்தி கறிவேப்பிலையைக் கருகும் மட்டும் வறுப்பாள். அத்தனை வீட்டுத் தூளும் அந்த ஒரே வாளிக்குள் கலந்து, பிறகு பைகளில் கட்டப்பட்டு, ‘வீட்டுத் தூள்’ என்ற பெயரில் முன்கடையில் விற்பனைக்குத் தொங்கும். யார் வீட்டுத் தூள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் கணவர் ஊரில் லேத் பட்டறையில் வேலை செய்தவர். இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். வேலை முடிந்து வரும்போது விரல்களெல்லாம் வெளுத்து ஊறிப்போய் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளினியாங்கூர் பழஞ்சாமான் சந்தையில் இருந்து ஒரு பெரிய இரும்புச் சாமானைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். முந்திய காலத்துப் பிரெஞ்சுக் கடைகளில் கோப்பிக்கொட்டை அரைத்த கைமெசின் அது. இரண்டு பக்கமும் சக்கரம், அடியில் தூள் விழ ஒரு சின்ன இழுப்பறை. ஒரு சக்கரம் வெடித்திருந்தது, அரவைப் பற்கள் மழுங்கியிருந்தன. அதைக் குசினி மேசையில் கழற்றிப் போட்டு, அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவினார். அந்த நாட்களில் அவர் பாட்டுக்கூடப் பாடினார். நான் கல்யாணம் முடித்த மனிதனை அப்போதுதான் பாரிசில் முதல்முறை கண்டேன்.

அதில் அரைத்த தூளைப் போல் ஒரு தூளை நான் அதற்கு முன் அரைத்ததில்லை. கரண்ட் மெசின் சூடாகித் தூளை அவித்துவிடும், இது அப்படியில்லை. மன்னார்க்காரி வந்து அரைத்தாள். பிறகு மேல்மாடிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் அறையில் சக்கரம் சுற்றத் தொடங்கியதும் கீழே முதலாளியின் மெசின் முன்னால் வரிசை குறைந்தது.

பிடிபட்டது என்னால்தான். மிளகாய் வறுக்கும்போது யன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். வாசம் தெருவுக்குப் போய் முதலாளிக்கு எட்டிவிடும் என்ற பயத்தில் நான் எல்லா யன்னலையும் சாத்திவிட்டு வறுத்தேன். காரல் முழுக்கக் கதவுக்குக் கீழால் படிக்கட்டில் இறங்கியது. கட்டிடமே இருமியது. எதிர்க்கட்டிடத்துப் பிரெஞ்சுக் கிழவி பொம்பியேக்குப் போன் அடித்துவிட்டாள். முகமூடி போட்ட நாலு தீயணைப்புக்காரர்கள் கதவைத் தட்டி உள்ளே வந்து பார்த்தால், தாச்சியும் கையுமாக நான். அவர்களில் ஒருவன் தும்மிக்கொண்டே சிரித்தான். அவர்கள் போய் ஐந்து நிமிடத்தில் முதலாளி வந்து சேர்ந்தார்.

“தங்கச்சி, இஞ்சை ஒரு ஒழுங்கு இருக்கெல்லே? வரேக்கையே சொன்னனான்.”

“அண்ணை, இது கையாலை சுத்திறது. கரண்டும் இல்லை, சத்தமும் இல்லை.”

அவர் மேசையில் இருந்த தூளில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடினார். அது அவருடைய பழக்கம். யார் வீட்டுத் தூளையும் அப்படித்தான் சோதித்து, வறுவல் காணாது என்று சொல்வார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“சாமான் இருந்தாத்தானே வறுப்பியள். உதைக் கீழை கடையிலை வைப்பம். கவனமா இருக்கும்.”

அதோடு விட்டிருந்தால்கூட ஒருவேளை மறந்திருப்பேன். அவர் என் கணவர் பக்கம் திரும்பினார்.

“தம்பி, பாரமாக் கிடக்கு. நீரே ஒருக்கால் தூக்கிக்கொண்டு வாருமன்.”

என் கணவர் தூக்கினார். எங்களுக்கு அப்போது விசா இல்லை. விசாவுக்காகப் பிரெபெக்சூர் அலுவலகத்தில் காட்டுகிற விலாசம் முதலாளி தந்த விலாசம். அவர் ஒரு சொல் சொன்னால் நாங்கள் தெருவில்தான். அதனால் என் கணவர், தான் பல் பல்லாக ராவிய மெசினைத் தானே தோளில் வைத்து, இரண்டு மாடி இறங்கி, முதலாளியின் கடைக்குள் கொண்டுபோய் இறக்கினார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மேலே படியில் நின்று அவருடைய பிடரியைப் பார்த்தேன். அந்தப் பிடரிக்காகத்தான் இவ்வளவு வருடமும் எனக்குள் எரிந்தது.

முதலாளி அதைக் கண்ணாடி யன்னலுக்குள் காட்சிக்கு வைத்தார். பிளாஸ்டிக் மல்லிகைச் சரம் சுற்றினார். சரஸ்வதி பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் பூசினார். தெருவில் போகிற வெள்ளைக்காரர்கள் நின்று படம் எடுத்தார்கள். என் கணவர் அதற்குப் பிறகு ஒரு சாமானைக்கூடக் கையில் எடுத்துத் திருத்தவில்லை. குழாய் ஒழுகினால், “ஆளைக் கூப்பிடும்” என்பார். பிறகு விசா வந்தது, பாரிசுக்கு வெளியே கார்ஜில் அரசாங்க மாடிவீடு கிடைத்தது, முதலாளியின் கூரையில் இருந்து தப்பினோம். என் கணவருக்குக் கைவேலை மட்டும் திரும்பி வரவில்லை. எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. அந்த மெசின் திரும்பி வர வேண்டும். அது முதலாளியின் முகம் கறுக்க, நாலு பேர் பார்க்க வர வேண்டும். கேட்டு வாங்குவதற்கு என் வாய் ஒருநாளும் திறக்காது.

என் தங்கை இங்கிலாந்தில் இருக்கிறாள். ஒருமுறை கோடைக்குப் போனபோது எங்களை ஏதோ பழைய துரைமாளிகை பார்க்கக் கூட்டிப்போனாள். போகிற வழியெல்லாம் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டு, போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நித்திரை. புல்வெளிக்கு நடுவில் ஒரு கல்மண்டபம், ஒரு பாழடைந்த தண்ணீர் மில், ஒரு சின்னத் தேவாலயம். சுற்றிக்காட்ட ஒரு இங்கிலீஸ் அம்மா இருந்தா. ஒவ்வொரு சொல்லாக ஆறுதலாகப் பேசினா. பள்ளிக்கூடத்து இங்கிலீஸை வைத்தே எனக்கு முக்கால்வாசி விளங்கியது.

பல நூறு வருடத்துக்கு முந்திய கதை. அந்த ஊர் முழுக்க ஒரு துரையின் பண்ணை. குடியானவர்களுக்கு வயலில் நீட்டு நீட்டாய்க் கீற்றுக் கீற்றான நிலம். கிழமையில் பாதி நாள் துரையின் நிலத்தில் சும்மா வேலை செய்ய வேண்டும். மழை வரும்போல் இருந்தால் முதலில் துரையின் கதிரை அறுக்க வேண்டும், தங்கள் கதிர் நனைந்து அழுகினாலும் சரி. மகளை அடுத்த ஊருக்குக் கட்டிக்கொடுக்கத் துரையிடம் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு ஒரு காணிக்கையும் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரன் செத்தால், சவம் எடுத்த கையோடு துரையின் காரியக்காரன் வந்து தொழுவத்தில் உள்ள நல்ல மாட்டைப் பார்த்து அவிழ்த்துக்கொண்டு போவான். தாலி அறுத்தவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஏன் என்று கேட்க ஒரு வழக்குமன்றமும் இருந்ததாம். அதுவும் துரையின் மண்டபத்திலேயே, துரையின் காரியக்காரன் தலைமையிலேயே கூடும். நான் கைகட்டி ஒரு பாடம் மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றேன். மில்லுக்கு வந்தபோதுதான் எனக்குக் காது கூர்மையாயிற்று.

தானியம் முழுவதையும் துரையின் மில்லில்தான் அரைக்க வேண்டும். மில்காரன் ஒரு அகப்பை மாவு அள்ளிக்கொண்டு மிச்சம் தருவான். கோடையில் ஆறு வற்றி மில் சுற்றாமல் நின்றாலும் வேறிடம் போகக் கூடாது, காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் பசியில் கிடக்கும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் வைக்கோலுக்குள் ஒரு திரிகை ஒளித்து வைத்திருந்தார்கள். நாங்கள் உழுந்து உடைக்கிற அதே திரிகைதான், மேலும் கீழும் இரண்டு வட்டக்கல். காரியக்காரனின் ஆட்கள் வீடு வீடாய் நுழைந்து அத்தனை கல்லையும் பறித்தார்கள். துரை அவற்றை உடைக்கவில்லை. தன் வரவேற்பறைத் தரையில் வரிசையாகப் பதிப்பித்தான்.

நான் அந்த அம்மாவிடம் கேட்டேன். “ஏன் அவன் அதுகளை எறியாமல் தரையிலை போட்டவன்?”

அவ சிரிக்காமல் பதில் சொன்னா. துரையிடம் ஒரு காரியமாய் வருகிறவன் அந்த அறையில்தான் நிற்க வேண்டுமாம். நிற்கும்போது குனிந்துதான் நிற்பான். குனிந்தால் தன் வீட்டுக் கல் தன் காலடியில் தெரியும். அதற்காகத்தான்.

என் தங்கை தேத்தண்ணிக் கடையில் இருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாள், நான் அசையவில்லை. “பிறகு?” என்று கேட்டேன். பிறகு ஒருநாள், துரையின் பேரன் காலமோ பூட்டன் காலமோ, குடியானவர்கள் எல்லாரும் சேர்ந்து பட்டப்பகலில் மண்டபத்துக்குள் நுழைந்தார்களாம். ஆளைத் தொடவில்லை. தரையைக் கிண்டினார்கள். கற்களை வெளியே எடுத்து, யாருடையது யாருடையது என்று அடையாளம் தெரியாமல் போய்விட்டதால் எல்லாவற்றையும் துண்டு துண்டாக உடைத்து, கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல் ஆளுக்கொரு துண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த அறையின் தரை இப்போது வெறும் பலகை. நான் அதில் நின்று குதிக்காத குறை.

பாரிசுக்குத் திரும்பிச் சில மாதத்தில் முதலாளியின் தகப்பனார் காலமானார். எனக்குச் செய்யுள் கட்ட வரும் என்பதால், லா சப்பலில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கல்வெட்டு எழுத என்னைத்தான் தேடுவார்கள். கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று வந்தவர்களுக்கு மதியச் சாப்பாட்டோடு கொடுக்கும் சின்னப் புத்தகம். முன்பக்கம் இறந்தவரின் படம், பிறகு தேவாரம், இறந்த திதிக்கு ஒரு வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். எல்லாப் புலம்பலையும் நான் ஒருத்தியே புலம்ப வேண்டும். பின்பக்கங்கள் காலியாய் இருந்தால் நீரிழிவுக்கு என்ன சாப்பிடலாம், ஈபிள் கோபுரம் எவ்வளவு உயரம் என்று பயனுள்ள விஷயம் ஏதாவது போடுவது வழக்கம்.

முதலாளியே எனக்குப் போன் எடுத்தார். என்னிடம் கேட்க அவருக்கு எப்படி மனம் வந்தது என்று நினைத்தேன். ஒன்றும் நடக்காதது மாதிரிப் பேசினார்.

“தங்கச்சி, அப்பாவுக்குத் திறமா ஒண்டு எழுதித் தாரும். பின்பக்கத்திலை சனத்துக்குப் பிரியோசனமா ஏதும் போடும். உமக்குத் தெரியாததே.”

“ஓம் அண்ணை, போடுறன். பிரியோசனமாத்தான் போடுவன்” என்றேன்.

புலம்பல்களைக் குறை வைக்காமல் எழுதினேன். செத்த மனிதரோடு எனக்குக் கோபம் இல்லை. அதன்பின் மனம் குளிரக் குளிர ‘ஓர் ஆங்கிலப் பண்ணையின் வரலாறு’ என்று தலைப்புப் போட்டு எழுதினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோசமாக எதையும் எழுதியதில்லை. வரலாறு அந்த அம்மா சொன்ன வரலாறுதான், ஆனால் துரைக்கு நான் ஆள் கொடுத்தேன். என் துரை குடியானவர்களின் மாவில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்து ஒற்றைக் கண்ணை மூடுவான். இல்லை என்று சொல்லும்போது முகட்டைப் பார்ப்பான். பறித்த திரிகையை அதன் சொந்தக்காரனின் தோளிலேயே ஏற்றிக் கொண்டுவரச் செய்வான். அத்தனை வீட்டு மாவையும் ஒரே தொட்டியில் கலந்து தன் பெயரில் விற்பான். லா சப்பலில் ஒரு கிழமை குடியிருந்தவனுக்கும் ஆள் யாரென்று விளங்கும். கடைசியில் தரையைக் கிண்டி எடுத்த கதையை, ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து எழுதினேன்.

முதலாளி வாசிக்க மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தியேட்டிப் புத்தகத்தை அச்சடிக்கு முன் எந்த வீட்டுக்காரரும் வாசிப்பதில்லை. படம் தெளிவா, பெயரெல்லாம் வந்திருக்கா என்று மட்டும் பார்ப்பார்கள். அவருடைய மகன்தான் கொம்பியூட்டரில் பக்கம் போட்டான். முப்பது வயதிருக்கும், இங்கேயே பிறந்தவன், தமிழ் கதைப்பான், எழுத்துத் தெரியாது. எனக்கு அது இன்னும் வசதியாகப் பட்டது.

அந்தியேட்டி மண்டபத்தில் முதலாளி வெள்ளை வேட்டியோடு வாசலில் நின்று, வந்த ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே புத்தகத்தைக் கொடுத்தார். “கடைசிப் பக்கத்திலை நல்ல விசயம் கிடக்கு, வாசியுங்கோ” என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். நான் மூலையில் மன்னார்க்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது ஒருவர் வாயைப் பொத்திச் சிரிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வரவில்லை. சனம் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்து வாசித்தது. ஓரிரண்டு பேர் முதலாளியையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒரு பெரியவர் எழும்பிப் போய் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“உங்களை மாதிரியே ஒரு ஆள் அந்தக் காலத்திலை இங்கிலாந்திலையும் இருந்திருக்கிறார்.”

முதலாளி அவரிடம் வாசித்துக் காட்டச் சொன்னார். அவர் சத்தமாக வாசித்தார். ஒற்றைக் கண்ணை மூடும் இடம் வந்தபோது முதலாளி சிரித்தார். வெட்கச் சிரிப்பு இல்லை, பெருமைச் சிரிப்பு. கடைசி வரி வந்தது. ‘துரையின் வரவேற்பறைத் தரையைக் காண அயலூர்ப் பிரபுக்களும் வந்து வியந்து போயினர்.’ அதோடு முடிந்தது. நான் கையில் இருந்த புத்தகத்தைப் பிரட்டினேன். அந்த வரிக்குக் கீழே கோடு. கோட்டுக்குக் கீழே நன்றி நவிலல்: நேரில் வந்தோர்க்கும், மலர்வளையம் வைத்தோர்க்கும், உணவு சமைத்தோர்க்கும். தரையைக் கிண்டின கதை முழுவதும் காணாமல் போயிருந்தது.

மகனைப் பிடித்துக் கேட்டேன். இடம் போதவில்லை, நன்றி நவிலல் போடாவிட்டால் அப்பா கோபிப்பார், அதனால் கடைசிப் பந்திகளை எடுத்துவிட்டேன் என்று பிரெஞ்சில் சொன்னான். “அது ஏதோ கல்லைப் பற்றித்தானே, அன்ரி?” என்று மட்டும் தமிழில் கேட்டான்.

முதலாளி என் மேசைக்கு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

“நான் ஒழுங்கு பாக்கிறன் எண்டு சனம் பின்னாலை கதைக்கும். ஒழுங்கு இல்லாமல் ஒரு இடத்தை நடத்தேலாது எண்டு நீர் வடிவா எழுதிப்போட்டீர். சந்தோசம் தங்கச்சி.”

எனக்கு அழுகை வந்தது. அவமானத்தில் வந்த அழுகை. பழிவாங்கப் போய் அந்த மனிதருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மன்னார்க்காரி புத்தகத்தை முன்னும் பின்னும் பிரட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எடி, உது முடியேல்லையே. அந்தத் துரைக்குப் பிறகு என்ன நடந்தது?”

அவளுக்கு முழுவதையும் சொன்னேன். கோயில் பிரசாதம்போல் ஆளுக்கொரு துண்டு என்று சொல்லும்போது அவள் வடையைக் கீழே வைத்தாள்.

“அந்தச் சனம் கேட்டுப் போட்டா எடுத்ததுகள்?”

“இல்லை. போய் எடுத்ததுகள்.”

“அப்ப நீ என்னத்துக்கு எழுதிக்கொண்டு இருக்கிறாய்?” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், கடையில் கால் வைக்க இடமில்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். வண்டில் ஒன்றையும் இழுத்துக்கொண்டு போனோம், சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகிற துணி வண்டில். முதலாளி கல்லாவில் இருந்தார். நான் நேரே கண்ணாடி யன்னலுக்குப் போய், பிளாஸ்டிக் மல்லிகையைக் கழற்றி வாழைப்பொத்திப் பெட்டிக்கு மேல் வைத்தேன். மன்னார்க்காரி ஒரு சக்கரத்தைப் பிடித்தாள், நான் மற்றதைப் பிடித்தேன். கருவாடு நிறுத்துக்கொண்டிருந்த பொடியன் தராசைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தான்.

“தங்கச்சி, என்ன செய்யிறியள்?”

“பாத்தால் தெரியேல்லையே அண்ணை. என்ரை மனுசன் தோளிலை வந்ததை நான் கொண்டு போறன்.”

அவர் எழும்பி வந்தார். சனம் பார்க்கிறது என்று தெரிந்ததும் குரலை இறக்கினார். “இதுக்கு ஏன் இவ்வளவு? ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நானே தந்திருப்பனே.”

“தெரியும். அதுதான் கேக்கேல்லை” என்றேன். “கேட்டு, நீங்கள் தந்தால், அது உங்கடை தருமம் எண்டு ஊர் முழுக்கச் சொல்லுவியள். நான் வாங்க வரேல்லை, எடுக்க வந்தனான். உங்கடை அப்பாவின்ரை கல்வெட்டிலை விடுபட்ட பக்கம் இதுதான். வாசிச்ச ஆக்கள் எல்லாரும் இப்ப மிச்சத்தையும் பாருங்கோ.”

வரிசையில் நின்ற ஒரு பெண் முதலில் சிரித்தாள். மேல்மாடியில் இப்போது குடியிருப்பவள் என்று பிறகு அறிந்தேன். அவள் சிரித்ததும் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவர் எங்களுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். முதலாளி முகட்டைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் ஆறுதலாக, வேண்டிய அளவு பார்த்தேன். அவசரப்படவில்லை.

டி லைன் ரயிலில் அதைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கார்ஜுக்கு வந்தோம். குசினி மேசையில் ஏற்றிவிட்டு மன்னார்க்காரி போய்விட்டாள். என் கணவர் வந்து பார்த்தார். சக்கரத்தைச் சுண்டினார், அது சத்தமில்லாமல் சுற்றியது. அவருடைய முகம் மாறியது. விரலால் அச்சைத் தடவி முகர்ந்தார். அடி இழுப்பறையை இழுத்தார்.

“இஞ்சரும், உதை ஒருக்கா வந்து பாரும்.”

இழுப்பறையின் மூலைகளில் தூள் ஒட்டியிருந்தது. பழைய தூள் இல்லை. சிவப்பாய், பொலபொலவென்று, வறுத்த பெருஞ்சீரக வாசத்தோடு இருந்தது. அவர் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தார்.

“பல்லு புதுசா ராவிக் கிடக்கு. எண்ணையும் விட்டிருக்கிறாங்கள். உது சும்மா நிண்ட சாமான் இல்லை. மாதா மாதம் இதிலைதான் அரைச்சிருக்கிறாங்கள்.”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. கடை பூட்டிய பிறகு முதலாளி அதை யன்னலில் இருந்து இறக்கித் தன் வீட்டுக்கு வேண்டிய தூளை அதில் அரைத்திருக்கிறார். அத்தனை குடும்பத்தையும் கரண்ட் மெசினுக்கு முன்னால் வரிசையில் நிற்க வைத்தவர், அந்த மெசின் தூளை அதன்பிறகு ஒருநாளும் தன் கறிக்குப் போட்டதில்லை. அன்றைக்கு எங்கள் மேசையில் ஒரு துளி நாக்கில் வைத்து ஒன்றும் சொல்லாமல் போனாரே, அப்போதே முடிவு செய்திருக்கிறார். கடையில் எடுத்த சந்தோசம் எல்லாம் வடிந்துபோய் எனக்கு மறுபடியும் ஆத்திரம் தலைக்கேறியது. என் கணவர் என்னைப் பார்த்துவிட்டு அலுமாரிக்கு அடியில் கையை விட்டு அரத்தைத் தேடினார். “ஒழுங்கா ராவத் தெரியாதவன்கள்” என்று திட்டிக்கொண்டே இரண்டு பல்லைத் திருத்தினார்.

இரண்டு கிழமை கழித்து முதலாளியின் மனைவி போன் எடுத்தா. நல்ல மனுசி, எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவ. மெசினைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. சுகம் விசாரித்தா, பிறகு இழுத்து இழுத்துக் கேட்டா.

“இவர் ரெண்டு கிழமையா ஒழுங்காச் சாப்பிடுறார் இல்லை. எங்கடை கடைத் தூள் போட்டாக் கோப்பையைத் தள்ளி வைக்கிறார். உம்மட்டை ஒரு சின்னப் பை தூள் இருந்தா, நான் ஆளை விட்டு எடுப்பிக்கிறன்.”

பக்கத்தில் என் கணவர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நாங்கள் அரைத்தது எங்கள் இரண்டு பேருக்கும் தேவைக்கு மிஞ்சிய தூள். கொடுத்துவிடும் என்று அவர் கையால் சாடை காட்டினார். அந்த மனுசியின் குரலைக் கேட்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

“இல்லை அக்கா” என்றேன். “உங்களுக்கெண்டால் தருவன். அவருக்கு இல்லை.”

போனை வைத்துவிட்டு இன்னொரு கைப்பிடி மிளகாயைப் போட்டேன்.